மூன்று கிரெடிட் என்றால் எத்தனை மணி நேரம்?

கேள்வி: அமெரிக்காவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் இணைப் பேராசிரியராக இருக்கிறேன். இந்த ஆண்டு என்னைப் பாடத்திட்டக் குழுவில் போட்டிருக்கிறார்கள். அடுத்த ஆண்டு அக்ரெடிட்டேஷன் (அங்கீகார ஆய்வு) குழு வருகிறது. அதற்கு முன் 40 பாடங்களின் சிலபஸைப் பார்த்து, 'கிரெடிட் அவர்' (ஒரு கிரெடிட்டுக்கு எத்தனை மணி நேர வேலை என்ற அளவு) கொள்கைக்கு அவை ஒத்துப்போகின்றனவா என்று எழுதித் தர வேண்டும். கையில் ஒரு படிவமும் அதில் டிக் அடிக்க நான்கு கட்டங்களும்தான் இருக்கின்றன. எதை வைத்து முடிவு செய்வது? ஆன்லைனில் 8 வாரத்தில் முடியும் 3 கிரெடிட் பாடம் ஒன்றில் வேலை ரொம்பவும் குறைவாகத் தெரிகிறது. அதை நடத்துபவர் என்னைவிட இருபது ஆண்டு மூத்தவர். "மணி எண்ணுவது கணக்குப்பிள்ளை வேலை" என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார். கூடுதலாக இரண்டு அத்தியாயம் சேர்க்கச் சொல்லிக் கணக்கை நேர் செய்துவிடலாமா? அது நேர்மைதானா?

பதில்: உங்கள் மூத்த பேராசிரியர் சொன்னதில் பாதி உண்மை. இந்த அளவுகோல் பிறந்ததே கணக்குப் புத்தகத்தில்தான்.

1905-ல் ஆண்ட்ரூ கார்னகி, கல்லூரிப் பேராசிரியர்களுக்குப் பென்ஷன் கொடுக்க 1 கோடி டாலர் ஒதுக்கினார். பணம் தயார். ஆனால் யாருக்குக் கொடுப்பது? அந்தக் காலத்தில் கல்லூரி என்று பெயர்ப் பலகை மாட்டிய இடங்களில் பல, உயர்நிலைப் பள்ளியைவிடக் கொஞ்சம்தான் மேலே இருந்தன. அதனால் கார்னகியின் அறக்கட்டளை ஒரு நிபந்தனை வைத்தது. பள்ளியில் 14 யூனிட் முடித்த மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும் இடம்தான் கல்லூரி. அங்கே வேலை செய்பவருக்குத்தான் பென்ஷன். ஒரு பாடத்தை ஓர் ஆண்டு முழுக்க சுமார் 120 மணி நேரம் படித்தால் அது ஒரு யூனிட். 1910-ல் மோரிஸ் குக் என்ற பொறியாளர் அதே அறக்கட்டளைக்காகக் கல்லூரிகளைத் தொழிற்சாலை போல ஆராய்ந்து ஓர் அறிக்கை எழுதினார். ஒரு மாணவர் வகுப்பிலோ லேபிலோ இருக்கும் ஒரு மணி நேரத்தை 'மாணவர் மணி' என்று எண்ணலாம் என்றார். கற்றது எவ்வளவு என்று அளக்க இவர்கள் யாரும் இதை உண்டாக்கவில்லை. நூறு ஆண்டு கழித்து, 2015-ல், அந்த அறக்கட்டளையே இதைத் திரும்பப் பார்த்துவிட்டு, குறைகள் நிறைய இருக்கின்றன, ஆனால் இதன் இடத்தில் வைக்க வேறு ஒன்று இன்னும் கைவசம் இல்லை என்கிற மாதிரிதான் முடித்தது.

அதனால் அவரோடு இந்த இடத்தில் வாதாட வேண்டாம். "ஆமாம் சார், கணக்குப்பிள்ளை வேலைதான்" என்று ஒத்துக்கொள்ளுங்கள். யாருடைய கணக்கு என்பதுதான் அவர் பார்க்காத பக்கம்.

மாணவர்கள் பெறும் ஃபெடரல் உதவித்தொகை கிரெடிட்டை வைத்துத்தான் ஓடுகிறது. இளங்கலையில் ஒரு செமஸ்டருக்கு 12 கிரெடிட் எடுத்தால் முழுநேர மாணவர். 2024-25 கல்வியாண்டிலிருந்து பெல் கிராண்ட் (வருமானம் குறைந்த மாணவர்களுக்கான ஃபெடரல் உதவித்தொகை), எடுக்கும் கிரெடிட்டின் விகிதப்படி வருகிறது. 12-க்குப் பதில் 9 எடுத்தால் 75 சதவீதம்தான். ஆக, ஒன்றரை கிரெடிட் வேலை வாங்கிக்கொண்டு மூன்று கிரெடிட் போட்டால், அரசாங்கப் பணம் அந்த அளவுக்குக் கூடுதலாகப் போயிருக்கிறது என்று அர்த்தம். இத்தனை இருந்தும் 2010 வரை கிரெடிட் என்றால் என்ன என்று ஃபெடரல் விதியில் ஒரு வரையறைகூடக் கிடையாது. 2009 கடைசியில் கல்வித் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம், குறுகிய காலப் பாடங்களுக்கு அளவுக்கு மீறிக் கிரெடிட் கொடுத்த ஒரு நிறுவனத்துக்கு அங்கீகாரம் தந்ததற்காக ஓர் அக்ரெடிட்டேஷன் அமைப்பையே கடுமையாகச் சாடியது. அடுத்த ஆண்டு அக்டோபரில் வரையறை வெளியானது. 2011 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உங்கள் படிவத்துக்குத் தாத்தா அதுதான்.

வரையறை நீளமானது. வேலைக்கு ஆகும் பகுதி இவ்வளவுதான்: ஒரு செமஸ்டர் கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு அல்லது ஆசிரியரின் நேரடிப் போதனை, அதற்கு வெளியே குறைந்தது இரண்டு மணி நேர மாணவர் உழைப்பு, இப்படிச் சுமார் 15 வாரம். கால அளவு மாறினால் அதே அளவு வேலை வேறு விதத்தில் வர வேண்டும். லேப், ஸ்டூடியோ, இன்டர்ன்ஷிப் எல்லாவற்றுக்கும் குறைந்தது இதற்குச் சமமான வேலை. 2020-ல் இதைத் திருத்தினார்கள். பாடம் நடத்தும் முறை, துறை, பட்டத்தின் நிலை இவற்றை எல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளிப்படையாக எழுதினார்கள். அடிப்படைக் கணக்கில் கை வைக்கவில்லை.

தமிழ்நாட்டில் பொறியியல் படித்தவர்களுக்குச் சிலபஸின் தலைப்பில் எல்-டி-பி-சி என்று நான்கு எண்கள் பழக்கமாக இருக்கும். வகுப்பு, டியூட்டோரியல், பிராக்டிகல் நேரத்தைப் பார்த்தாலே கிரெடிட் தெரிந்துவிடும். இங்கே வந்தும் அதே கண்ணோடு பார்த்தால் தவறிவிடுவோம். இங்கே மூன்றில் இரண்டு பங்கு வகுப்புக்கு வெளியே இருக்கிறது. கால அட்டவணையில் அது தெரியாது. நீங்கள் தேடப் போவது பெரும்பாலும் அதைத்தான்.

சரி, 40 சிலபஸ். எல்லாவற்றையும் ஒரே கவனத்தோடு வாசிக்க உட்காராதீர்கள், பத்தாவதிலேயே கண் கட்டிவிடும். முதலில் உங்கள் பல்கலைக்கழகத்தின் சொந்தக் கொள்கையை எடுத்து மேசையில் வையுங்கள். வருகிற குழு முதலில் கேட்பது, "நீங்களே எழுதி வைத்ததை நீங்கள் பின்பற்றுகிறீர்களா?" என்பதுதான். ஒரு மணி என்றால் 50 நிமிடமா 60 நிமிடமா, இறுதித் தேர்வு வாரம் சேர்த்தியா இல்லையா என்று அதில் இருக்க வேண்டும். ஆசிரியர் கையேட்டில் ஒன்றும் கேட்டலாகில் (பல்கலைக்கழகம் வெளியிடும் பாடப் பட்டியலில்) இன்னொன்றும் இருந்தால் அதை இன்றைக்கே டீன் அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள். நாற்பது சிலபஸையும்விட அது பெரிய தலைவலி.

அப்புறம் ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் அந்த 40 பாடங்களின் வகுப்பு நேரப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். வாரம் மூன்று நாள் 50 நிமிடம், அல்லது இரண்டு நாள் 75 நிமிடம் என்று நடக்கும் வழக்கமான 15 வாரப் பாடங்கள் பாதிக்கு மேல் இருக்கும். இரண்டு விதத்திலும் வாரத்துக்கு 150 நிமிடம், 15 வாரத்துக்கு 2,250 நிமிடம். 3 கிரெடிட்டுக்குச் சரி. வீட்டு வேலை பற்றிச் சிலபஸில் ஒரு வரி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நகருங்கள். ஒரு மாலையில் முடிந்துவிடும்.

இந்தக் குவியலில் ஒரே ஒரு வகை ஏமாற்றும்: வாரம் ஒரு நாள் மாலை வகுப்பு. 6 மணியிலிருந்து 8.45 வரை என்றால் 165 நிமிடம், 15 நிமிட இடைவேளை போனால் 150. சரி. அதையே 8.30-க்கு முடித்து நடுவில் 20 நிமிட இடைவேளையும் விட்டால் 130 நிமிடம்தான். பார்க்க அற்பமாகத் தெரியும். 15 வாரத்தில் 300 நிமிடம், அதாவது இரண்டு முழு வகுப்பு காணாமல் போயிருக்கும். திங்கள்கிழமை வகுப்பென்றால் லேபர் டே விடுமுறையும் சேர்ந்துகொள்ளும். விதியே "சுமார் 15 வாரம்" என்றுதான் சொல்கிறது, அதனால் ஒரு விடுமுறைக்காக யாரையும் பிடிக்க வேண்டாம். "ஆசிரியர் மாநாட்டுக்குப் போகிறார், வகுப்பு இல்லை" என்று மூன்று வாரம் போட்டு, பதிலுக்கு எந்த வேலையும் தராமல் இருந்தால் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

லேப் விஷயம் உங்களுக்கே தெரியும். ஆனாலும் உங்கள் துறையில் அடிக்கடி வரும் சண்டை என்பதால் சொல்கிறேன். 1 கிரெடிட் லேபுக்கு ஒருவர் வாரம் 3 மணி நேரம் வைக்கிறார், இன்னொருவர் 2 மணி நேரம் வைக்கிறார். யார் சரி? இருவருமே சரியாக இருக்கலாம். 3 மணி நேரம் வைப்பவர் ரிப்போர்ட்டையும் உள்ளேயே எழுதி வாங்கிவிடுகிறார் என்றால் 15 வாரத்தில் 45 மணி. 2 மணி நேரம் வைப்பவர் ரிப்போர்ட்டை வீட்டுக்குக் கொடுத்து அதற்கு ஒரு மணி நேரம் ஆகிறது என்றாலும் 45 மணிதான். ஒரு கிரெடிட்டுக்கு 45 மணி (வாரம் 1 + 2 மணி, 15 வாரம்) என்ற கூட்டுத்தொகையைப் பிடித்துக்கொண்டால் ஸ்டூடியோ, இன்டர்ன்ஷிப் எதிலும் வழி தவறாது. இன்டர்ன்ஷிப்பில் மணிக்கணக்கு பெரும்பாலும் சரியாக இருக்கும், இருக்காதது சான்று. வேலை நேரப் பதிவேடு யாரிடம் இருக்கிறது, மாணவர் என்ன கற்றார் என்று யார் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார் என்று கேளுங்கள். இன்டிபென்டன்ட் ஸ்டடிக்கும் அதேதான். ஒரு பக்க ஒப்பந்தமாவது வேண்டும்.

இளங்கலை, முதுகலை என்று இரண்டு பாட எண்களில் ஒரே வகுப்பாக நடக்கும் பாடம் இருந்தால், முதுகலை மாணவர்களுக்கான கூடுதல் வேலை தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். முக்கால்வாசி இருக்காது.

இப்போது உங்கள் 8 வாரப் பாடத்துக்கு வருவோம். 3 கிரெடிட்டுக்கு மொத்தம் 135 மணி நேர வேலை. எட்டால் வகுத்தால் வாரத்துக்குக் கிட்டத்தட்ட 17 மணி நேரம். இந்த எண்ணைச் சொன்னதும் முதலில் திடுக்கிடுவது பாடம் நடத்துபவர்தான். இதையே 5 வாரத்தில் சுருக்கினால் வாரம் 27 மணி. மூன்று வாரக் குளிர்காலப் பாடமாக்கினால் வாரம் 45 மணி, ஒரு முழுநேர வேலை. குறுகிய காலப் பாடங்களில் கிரெடிட் ஏன் வீங்குகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. நாட்கள் சுருங்குகின்றன, கூடவே வேலையும் சுருங்கிவிடுகிறது, கிரெடிட் மட்டும் அப்படியே நிற்கிறது.

அவருடைய சிலபஸ் எப்படி இருக்கும் என்று ஊகித்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். வாரம் 20 நிமிட வீடியோ இரண்டு, 40 பக்கப் பாடநூல் வாசிப்பு, விவாதப் பலகையில் ஒரு பதிவும் இரண்டு மறுமொழியும், ஒரு சின்ன க்விஸ், கடைசியில் 8 பக்கக் கட்டுரை, ஒரு தேர்வு என்று வைத்துக்கொள்வோம். நிறுத்தி நிறுத்திக் குறிப்பு எடுத்தால் வீடியோவுக்கு ஒரு மணி நேரம். அறிவியல் பாடநூலை மணிக்கு 15 முதல் 20 பக்கம் என்று வாசித்தால் சுமார் இரண்டரை மணி ஆகும். விவாதத்துக்கு ஒன்றரை, க்விஸுக்குத் தயாராகி எழுத ஒரு மணி. வாரம் ஆறு மணி, எட்டு வாரத்துக்கு 48. கட்டுரைக்கு 20, தேர்வுக்கு 10 என்று தாராளமாகவே போட்டாலும் 78. வேண்டியது 135. இரண்டு கிரெடிட்டுக்குக்கூட எட்டவில்லை.

வாசிப்பு வேகத்தில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வரும் என்று அவர் சொல்வார். நியாயம்தான். கதைப் புத்தகமும் கரிம வேதியியலும் ஒன்றில்லை. அதற்காகவே ரைஸ் பல்கலைக்கழகத்தில் உருவாகி, பிறகு வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்குப் போன ஒரு பாட வேலை மதிப்பீட்டுக் கருவி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பக்கம் எவ்வளவு அடர்த்தி, புதுக் கருத்துகள் எத்தனை, மேலோட்டமாக வாசித்தால் போதுமா, ஊன்றிப் படிக்க வேண்டுமா என்று கேட்டு மணிக்கணக்குத் தரும். அதை நீதிபதியாக வைக்காதீர்கள். 120 வந்தாலும் 150 வந்தாலும் கவலையில்லை. 78 வந்தால் பேச வேண்டும்.

ஆன்லைன் என்பதால் இன்னொன்றையும் பாருங்கள். ஆசிரியர் அங்கே இருக்கிறாரா? 2021 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் விதிப்படி, தொலைநிலைப் பாடத்தில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே தவறாமல் நடக்கும், பொருளுள்ள தொடர்பு இருக்க வேண்டும். நேரடியாகப் போதிப்பது, வேலையைத் திருத்திக் கருத்துச் சொல்வது, கேள்விக்கு விளக்கம் தருவது, குழு விவாதத்தை நடத்துவது போன்றவற்றில் குறைந்தது இரண்டாவது நடக்க வேண்டும். பழைய வீடியோவைப் போட்டுவிட்டுத் தானாகவே மதிப்பெண் போடும் க்விஸோடு விட்டுவிட்டால் அது அஞ்சல் வழிப் பாடம் என்று வகைப்பட்டுவிடும். உதவித்தொகை விதிகள் வேறு ஆகிவிடும். இந்தக் கேள்வியில்தான் 2017-ல் வெஸ்டர்ன் கவர்னர்ஸ் என்ற ஆன்லைன் பல்கலைக்கழகம் 71 கோடி டாலருக்கு மேல் திருப்பித் தர வேண்டும் என்று தலைமை ஆய்வாளர் அலுவலகம் பரிந்துரைத்தது. 2019-ல் கல்வித் துறை, வேண்டாம் என்று முடித்துவிட்டது. அதற்குள் நாடு முழுக்க ஆன்லைன் துறைகள் தூக்கம் இழந்திருந்தன.

இவ்வளவு கணக்குப் போட்ட பிறகும் உடனே "போதவில்லை" என்று எழுதிவிடாதீர்கள். நான் அந்தத் தவற்றைச் செய்தவன். இந்த வேலைக்கு வந்த புதிதில் ஓர் இசைப் பேராசிரியரின் சிலபஸைப் பார்த்தேன். வாரம் ஒரு மணி நேரப் பயிற்சி வகுப்பு, வீட்டு வேலை என்று எதுவும் இல்லை, 2 கிரெடிட். சிவப்பில் எழுதி அனுப்பினேன். மறுநாள் நேரில் வந்தார். "என் மாணவர்கள் தினமும் இரண்டு மணி நேரம் சாதகம் செய்கிறார்கள். அதைச் சிலபஸில் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூச்சு விட வேண்டும் என்று எழுதுவேனா?" என்றார். அந்த அறையில் எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. சிலபஸில் ஒரு வரி சேர்த்தோம், விஷயம் முடிந்தது. உங்கள் மூத்தவரிடமும் தினப் பயிற்சிக் கணக்குகள், வாராந்தர ஜூம் சந்திப்பு என்று எழுதாமல் விட்டவை இருக்கலாம்.

அதனால் நேரில் போங்கள், மின்னஞ்சல் வேண்டாம். உங்கள் கணக்கையும் முதலில் காட்ட வேண்டாம். "சார், உங்கள் பாடத்தில் ஓரளவு நன்றாகப் படிக்கும் ஒரு மாணவரின் நான்காவது வாரம் எப்படிப் போகும்? திங்களிலிருந்து ஞாயிறு வரை சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். கூட்டலை அவரே செய்யட்டும். தன் வாயால் ஏழு மணி என்று சொன்னவரிடம் பதினேழு என்ற எண்ணைக் காட்டுவது சுலபம். 2011-ல் கல்வித் துறை அனுப்பிய விளக்கக் கடிதமே, வகுப்பில் உட்காரும் நேரத்தை மட்டும்தான் எண்ண வேண்டும் என்றில்லை, மாணவர் செய்யும் வேலையின் அளவைக் கொண்டும் கிரெடிட் தரலாம் என்கிறது. அவருடைய கையில் கடிகாரத்தை மாட்ட யாரும் வரவில்லை என்பதை அந்த ஒரு தகவலே அவருக்குச் சொல்லிவிடும்.

உண்மையிலேயே குறைவு என்று தெரிந்தால்? இரண்டு அத்தியாயம் கூட்டுவது என்ற உங்கள் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. படிவம் நிரம்பிவிடும், மாணவர்கள் அந்த அத்தியாயங்களைத் திறக்க மாட்டார்கள். தேர்விலும் வராத, யாரும் திருத்தாத வேலையை வேலை என்று எண்ணக் கூடாது. விதியே மாணவர் சாதித்ததற்கான சான்றைக் கேட்கிறது. (விவாதப் பதிவுக்கு ஒன்றரை மணி என்று மேலே போட்டேன். சாட்பாட் எழுதித் தரும் காலத்தில் அது இன்னும் ஒன்றரை மணிதானா என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. வேலை சேர்க்கும்போது அதையும் யோசியுங்கள்.) இதே பாடம் 15 வார வடிவத்தில் நேரில் நடந்தால் அந்தச் சிலபஸை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அதில் இருந்து இங்கே எது விழுந்துவிட்டது என்று பார்த்தால், எதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது தெரிந்துவிடும். பெரும்பாலும் கணக்குப் பயிற்சித் தொகுப்புகளும் இடைக்காலத் தேர்வும்தான் விழுந்திருக்கும். அவற்றைக் கேட்பது நேர்மையான கோரிக்கை.

கிரெடிட்டைக் குறைக்கலாம் என்றும் யாராவது சொல்வார்கள். காகிதத்தில் அது சுத்தமான வழி. ஆனால் ஒரு கிரெடிட் குறைந்தால் 12-ல் நிற்கும் மாணவர் 11-க்கு வந்து முழுநேர நிலையை இழப்பார், பட்டத்துக்கான 120 கிரெடிட்டில் எங்கோ ஓட்டை விழும், அடுத்த பாடத்தின் முன்நிபந்தனை இடிக்கும். பாடத்தை 8-லிருந்து 15 வாரமாக நீட்டுவது பல நேரம் எளிது. எதைச் செய்தாலும் அடுத்த முறை பாடம் தொடங்கும்போதுதான். இப்போது நடந்துகொண்டிருக்கும் வகுப்பில், சேரும்போது காட்டிய சிலபஸை நடுவில் ஊதிப் பெருக்கினால் மாணவர்கள் சரியாகவே புகார் கொடுப்பார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 3 கிரெடிட்டுக்கு 220 மணி வேலை வாங்கும் பாடம் ஒன்றிரண்டு உங்கள் நாற்பதில் நிச்சயம் இருக்கும். விதி குறைந்தபட்சத்தை மட்டும்தான் சொல்கிறது, படிவத்தில் அதற்குக் கட்டம் இருக்காது. பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் மாணவர்கள் அங்கேதான் பாதியில் நிற்கிறார்கள். ஓரத்தில் எழுதி வையுங்கள்.

படிவத்தில் நான்கு கட்டங்களுக்குக் கீழே இரண்டு வரி எழுத இடம் கேளுங்கள், தராவிட்டால் தனித்தாள் இணையுங்கள். எந்த ஆவணத்தைப் பார்த்தீர்கள், மொத்தம் எத்தனை மணி வந்தது, யாரிடம் எந்தத் தேதியில் பேசினீர்கள், என்ன முடிவானது. வருகிற குழு 40 டிக்குகளை நம்பாது. மூன்று பாடங்களில் குறை கண்டு, இரண்டைச் சரிசெய்து, ஒன்றை அடுத்த செமஸ்டருக்கு வைத்திருக்கிறீர்கள் என்பது தேதியோடு இருந்தால் நம்பும். அந்த 8 வாரப் பாடத்தை இந்த மாதமே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கேட்டலாகுக்குக் கடைசித் தேதி எப்போது என்பதை ரெஜிஸ்ட்ராரிடம் பட்டியல் வாங்கப் போகும்போதே கேட்டுவிடுங்கள்.